வலை நூலும் ஆய்வு நூலும்

"குப்பத்துப் பிள்ளைக்கு டாக்டர் பட்டமா? அதுவும் சமூகவியலிலா?" என்று கேட்போர் உண்டு. கேட்போர் எல்லாரும் பகைவர் அல்லர். நம்மவரிலேயே பலர், அன்பு காரணமாகவே அப்படிக் கேட்கின்றனர். மருத்துவம் படித்தால் ஊருக்கு மருந்து கிடைக்கும். சட்டம் படித்தால் வழக்காட ஆள் கிடைக்கும். ஆசிரியப் பயிற்சி பெற்றால் மாதம் பிறந்ததும் சம்பளம் கிடைக்கும். சமூகவியலில் ஐந்தாறு ஆண்டு ஆராய்ந்து ஒரு பட்டம் பெற்றால் என்ன கிடைக்கும்? இது அவர்கள் கேள்வி. வயிற்றிலிருந்து எழும் கேள்வி. ஆகவே வாய்வீச்சால் தள்ளிவிடக் கூடாத கேள்வி.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னைப் பற்றித் தானே எழுதாத மக்கள், தம்மைப் பற்றிப் பிறர் எழுதியபடியே ஆளப்படுவர். மீனவர் வாழ்வை மீனவர் வீட்டுப் பிள்ளையே ஆராய்ந்து எழுதும் நாள் வரவேண்டும். அந்த நாளை வரவழைப்பது இயக்கத்தின் வேலைகளில் ஒன்று. இதை மெய்ப்பிக்க வேறெங்கும் போக வேண்டாம்; பழவேற்காட்டுக்கு வாருங்கள்.

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில், கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே விரிந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி தமிழகத்தில். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் நீர் உள்ளே வரும். கடல் நீரோடு இறால் குஞ்சும் வரும். இறால் வந்தால் அடுப்பு எரியும். மணல் மூடிவிட்டாலோ, ஏரியோடு சேர்ந்து குப்பத்து அடுப்பும் அணையும். இவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்வு.

இந்த ஊருக்கு எழுத்து புதிதல்ல. 1613-இல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்கு இதுவே தலைமையிடம். எத்தனை கட்டுத் துணி ஏறிற்று, என்ன விலை போயிற்று, எந்தக் கப்பல் கொண்டு சென்றது என்பதெல்லாம் ஏட்டில் ஏறின. பஞ்சத்திலும் போரிலும் சிக்கி விலைபோன ஏழை மக்கள் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களும் ஏட்டில் ஏறினர், மனிதராக அல்ல, சரக்காக, தலைக்கணக்காக! விற்றவன் எழுதினான், வாங்கியவன் எழுதினான், விலைபோனவன் எழுதவில்லை. ஆகவேதான் வணிகனின் லாபம் வரலாறாயிற்று. அடிமையின் கண்ணீர் உப்பு நீரோடு உப்பு நீராயிற்று. ஏட்டைக் கையில் வைத்திருப்பவன் யார் என்பது சிறு கேள்வி அல்ல, தோழர்களே!

எழுதுவதற்கு அந்தக் குப்பங்களில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? 'பாடு' இருக்கிறது!

பாடு என்றால் உழைப்பு. பாடு என்றால் துன்பம். அதை நாமெல்லாரும் அறிவோம். பழவேற்காட்டில் பாடு என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: உரிமை, முறை, பங்கீடு. ஏரியின் எல்லா இடத்திலும் ஒரே அளவு இறால் கிடைப்பதில்லை. நல்ல இடங்கள் சில, வலைக்காரர் பலர். வலுத்தவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் நாள்தோறும் வெட்டும் குத்தும்தான் மிஞ்சும். எனவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் குல மீனவர், சுத்துவலை கட்டும் நல்ல இடங்களைச் சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக்கொண்டனர். இன்று எனக்கு, நாளை உனக்கு என்று முறை சுழலும். பணக்காரன் என்பதற்காக அவனுக்கு இரண்டு முறை இல்லை. ஏழை என்பதற்காக முறை மறுப்பதும் இல்லை. சர்க்கார் சட்டம் போட்டு வந்ததல்ல இது. ஊர் கூடி வகுத்துக்கொண்டது.

இதன் அருமையை உணர, துருக்கி நாட்டில் அலன்யா என்ற மீன்பிடி ஊரின் கதையைக் கேளுங்கள். அங்கும் நல்ல இடத்துக்காகச் சண்டை. அங்கும் மீனவரே கூடி ஒரு முறை கண்டனர். ஆண்டுதோறும் செப்டம்பரில் தகுதியுள்ளோர் பட்டியல் எழுதுவர். சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குவர். பிறகு நாளுக்கு ஓர் இடமாகக் கிழக்கே நகர்வர். சனவரிக்குப் பின் மேற்கே திரும்புவர். ஃபிக்ரெட் பெர்க்கஸ் என்ற அறிஞர் இதை ஆராய்ந்து எழுதினார். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990-இல் வெளியிட்ட தம் நூலில் இதை எடுத்துக்காட்டி, பொதுச் சொத்தைக் காக்கச் சர்க்கார் அதிகாரியும் வேண்டாம், தனி முதலாளியும் வேண்டாம், மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று நிலைநாட்டினார். 2009-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு அவரை நாடி வந்தது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே.

அந்த அம்மையாரின் தொடக்கம் எது தெரியுமா? 1965-இல் அவர் பெற்ற டாக்டர் பட்டம்! கணிதப் படிப்புப் போதாது என்று பொருளியல் துறையினர் கதவடைத்தனர். அரசியல் துறையில் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட பொருளும் வானளாவியதல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டிய ஒரு பகுதியில் நிலத்தடி நீரை மக்கள் எப்படிப் பங்கிட்டுக்கொண்டனர் என்பதே. ஊர்த் தண்ணீர்க் கணக்கை ஒழுங்காக எழுதத் தொடங்கிய ஒரு பெண், உலகத்தின் எண்ணத்தையே திருப்பினார். அலன்யாவின் சீட்டு உலக ஏட்டில் ஏறியது. நம் கோட்டைக்குப்பத்துச் சீட்டு?

அதையும் எழுதாமல் விடவில்லை. 1972-இல் கேத்லீன் ஃபோர்டாம் நார் என்ற அமெரிக்க அம்மையார், சென்னைக்கு அருகே ஒரு மீனவர் ஊரை ஆராய்ந்து மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பழவேற்காட்டின் பாடு முறையைப் பற்றி செபாஸ்டியன் மேத்யூ எழுதியதை 1991-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் வெளியிட்டது. சோழமண்டலக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்தின் சட்டமும் சர்க்கார் சட்டமும் எப்படி மோதுகின்றன என்பதை ஆராய்ந்த டச்சு நாட்டு மார்ட்டின் பாவிங்கின் நூல் 2001-இல் வந்தது. பழவேற்காட்டு மீனவர், மாறிவரும் ஏரியோடு எப்படி மாறுகின்றனர், யார் மாற மறுக்கின்றனர் என்பதை இங்கிலாந்து நாட்டு சாரா கூல்தார்டு 2008-இல் எழுதினார்.

இவர்கள்மீது நமக்குக் காழ்ப்பு இல்லை, நன்றியே உண்டு. கடல் கடந்து வந்து, வெயிலில் நின்று, மீனவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, அவன் அறிவில்லாதவன் அல்லன், ஆட்சி நடத்தத் தெரிந்தவன் என்று உலகுக்குச் சொன்னவர்கள். நாம் செய்யத் தவறியதை அவர்கள் செய்தனர். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்த எழுத்துகள் இருப்பது எந்த மொழியில்? ஆங்கிலத்தில்! எந்த இடத்தில்? வெளிநாட்டு நூலகங்களில், விலை உயர்ந்த ஆய்விதழ்களில்! நம் நாட்டுப் பல்கலைக் கழக ஆய்வேடுகளுக்கும் இதே கதிதான். 'சோத்கங்கா' என்ற மின்னணுக் களஞ்சியத்தில் அவற்றைச் சேர்க்கிறார்கள். சேர்க்கட்டும், நல்லதே. ஆனால் எந்தக் குப்பத்தைப் பற்றி எழுதினார்களோ அந்தக் குப்பத்துப் படிப்பகத்தில், அந்த மக்கள் படிக்கும் மொழியில், ஒரு படி உண்டா? வயலில் விளைந்த நெல் உழவன் வீட்டுக்கு வராததைக் கண்டு குமுறுகிறோமே, குப்பத்தில் விளைந்த அறிவு குப்பத்துக்குத் திரும்பாததைக் கண்டு குமுற வேண்டாமா?

"அறிவு திரும்பாவிட்டால் அடுப்பா அணைந்துவிடும்?" எனலாம். அணையும்! எப்படி என்று பாருங்கள்.

1990-களில் இறால் பண்ணை முதலாளிகள் கரையெங்கும் குளம் வெட்டினர். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது! அந்த நீதி வெறும் முழக்கத்தால் மட்டும் வந்ததா? இல்லை. மக்கள் போராடினர், அந்தப் போராட்டத்தின் உண்மையை ஆய்வாளர் அறிக்கை நீதிபதியின் மேசையில் எடுத்து வைத்தது. தெருவில் எழுந்த குரலும் தாளில் எழுந்த சான்றும் கைகோத்த இடத்தில்தான் வெற்றி விளைந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தது. 2021 சனவரியில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றார்கள், எதிர்ப்பு எழுந்தது, தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரில் மீண்டும் என்றார்கள், மீண்டும் தள்ளிவைத்தார்கள். மக்கள் ஒற்றுமைக்குக் கிடைத்த மூச்சுவிடும் நேரம் அது. ஆனால், இத்தகைய திட்டங்களில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதுபவர் யார்? திட்டம் போடுபவரே பணம் கொடுத்து அமர்த்தும் ஆலோசனை நிறுவனம்! முழு அறிக்கை ஆங்கிலத்தில். மக்கள் மொழியில் சுருக்கம் மட்டும். அந்த அறிக்கையில் 'மீனவர் இத்தனை பேர், படகு இத்தனை' என்று எண்ணிக்கை வரும். பாடு வருமா? எந்த நாளில் எந்த இடத்தில் எவருடைய முறை என்பது வருமா? இறாலைக் கூடையில் சுமந்து விற்கும் பெண்ணின் வருமானம் வருமா? 2011-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீன்பிடி இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. குறிப்பதற்கு, அவை எழுதப்பட்டிருக்க வேண்டுமே! எழுதப்படாத உரிமையை 'வெற்று நீர்ப்பரப்பு' என்று சொல்லித் தாண்டிச் செல்வது அதிகாரிக்கு எளிது.

"சரி; மீனவர் வீட்டுப் பிள்ளையே எழுதினால் ஒருதலையாக எழுதமாட்டானா?" என்று கற்றறிந்தோர் சிலர் புருவம் உயர்த்துவர். அவர்களுக்குச் சொல்லுங்கள்: 1916-இல், இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சாதியின் தோற்றத்தைப் பற்றி ஆய்வுரை படித்தார். சாதியின் சாட்டையடியைத் தம் முதுகில் ஏற்றவர் அவர். அதனால் அவர் ஆய்வு பழுதாயிற்றா? பட்டவர் என்பதாலேயே, பிறர் காணாத முடிச்சைக் கண்டார். அந்த இளைஞர்தான் டாக்டர் அம்பேத்கர். சென்னைப் பல்கலைக் கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1918-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூலும், மாணவர்களைத் தத்தம் ஊருக்கு அனுப்பி எழுதச் செய்து தொகுத்ததுதான். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கே நூறாண்டுக்கு முன் தெரிந்திருந்தது: ஊரை அறிய ஊர்ப்பிள்ளையே வேண்டும் என்று.

ஆயினும், தோழர்களே, அந்தப் புருவத்தை முழுவதும் புறக்கணிக்கவும் கூடாது. இங்கேதான் நம் நேர்மைக்குச் சோதனை. பாடு முறையை இவ்வளவு புகழ்ந்தேனே, அதன் வாயிலில் ஒரு கதவும் இருக்கிறது. அந்தக் கதவு ஒரு குலத்துக்குத் திறக்கும். மற்றக் குலத்துக்கு மூடும். அதே ஏரியில் பிழைக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பாட்டில் பங்கில்லை. சேற்றில் இறங்கி வெறுங்கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குல ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கில்லை. பட்டினவர் குலத்துக்குள்ளேயே தலைக்கட்டு ஆணின் பெயரில்தான் உரிமை. பெண்ணின் பெயரில் இல்லை. பாடு முறை உள்ளே இருப்பவர்க்கு அரண். வெளியே நிற்பவர்க்குத் தடை. இதைச் சுட்டிக் காட்டியவர்கள் வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்களே. நம் பிள்ளை எழுதினால் இதை மறைப்பானா, எழுதுவானா?

எழுத வேண்டும்! "ஊர் மானம் போய்விடும், விட்டுவிடு" என்று பெரியவர் சொன்னாலும், பணிவோடு கேட்டு, துணிவோடு எழுத வேண்டும். ஊரைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது ஆய்வேடு அல்ல, வாழ்த்துமடல். துறைமுக முதலாளியை எதிர்த்து நிற்கும்போது 'இந்த ஏரி எங்கள் எல்லாருக்கும் பொது' என்று முழங்குகிறோம். 'எல்லாருக்கும்' என்ற அந்தச் சொல்லில் இருளர் பெண் அடங்குகிறாளா இல்லையா? அடங்குகிறாள் என்றால், சீட்டில் அவள் பெயர் எங்கே? இந்தக் கேள்வியை எதிரி கேட்குமுன் நாமே கேட்டு, நாமே தீர்த்துக்கொள்வதல்லவா வலிமை? ஆகவே, பட்டினவர் வீட்டு மகன் எழுதுவது மட்டும் போதாது. அவன் தங்கையும் எழுத வேண்டும். இருளர் வீட்டு மகளும் எழுத வேண்டும். மூன்று ஆய்வேடுகள் ஒன்றையொன்று திருத்தும்போதுதான் ஏரியின் முழு முகம் தெரியும்.

இனி, தடைகளைப் பார்ப்போம். பொன்னேரி அரசுக் கல்லூரியில் இளங்கலை முடிப்பது வரை பிள்ளை எப்படியோ கரையேறுகிறான். அதன்பின் முதுகலை. அதன்பின் 'நெட்' என்னும் தேசியத் தகுதித் தேர்வு. அதில் முன்னிலை பெற்றோர்க்கே மைய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை. 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்ட தொகை. குப்பத்தில் ஒரு குடும்பம் தலைநிமிரப் போதுமான தொகை! ஆனால் தேர்வுத்தாள் எந்த மொழியில்? மொழிப் பாடங்கள் நீங்கலாக, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்! சமூகவியலைத் தமிழில் சிந்தித்த பிள்ளை, தன் ஊரைத் தமிழில் அறிந்த பிள்ளை, அந்த வாயிலில் ஊமையாக நிற்கிறான். இந்தி பேசும் பிள்ளைக்குத் தாய்மொழியில் தாள். தமிழ்ப் பிள்ளைக்கு இல்லை. இது தகுதித் தேர்வா, மொழித் தேர்வா?

உதவித்தொகை கிட்டாதவன் நிலை இன்னும் கடினம். 2022-ஆம் ஆண்டுப் பல்கலைக் கழக மானியக் குழு விதிப்படி, ஆய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு. மிகுதியாக ஆறு ஆண்டு. ஆறு ஆண்டு வருவாயின்றி ஒரு மகனை விட்டுவைக்க எந்த மீனவர் குடும்பத்தால் முடியும்? மகளை விட்டுவைக்க எத்தனைக் குடும்பம் மனம் ஒப்பும்? பாதியில் நிற்பவன் சோம்பேறி என்று ஏசுகிறோம். பாதியில் நிறுத்தியது எது என்று எண்ணுகிறோமா?

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. நெட் தேர்வுத்தாள் தமிழிலும் வேண்டும். மாநிலத்தின் ஆய்வு உதவித் திட்டங்களில் கடலோரக் குடும்பங்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் தனிப் பங்கு வேண்டும். தமிழகத்து மக்களைப் பற்றி எழுதும் எந்த ஆய்வேட்டுக்கும் தமிழில் ஒரு சுருக்கம் கட்டாயம் வேண்டும். அதை எந்த ஊரைப் பற்றி எழுதினார்களோ அந்த ஊரில் கூட்டிப் படித்துக் காட்டிய பின்பே பட்டம் தரவேண்டும். மீன் வளத்துக்கென நாகையில் 2012-இல் பல்கலைக் கழகம் கண்டது தமிழகம். பொன்னேரியில் அதன் கல்லூரியும் உண்டு. மீனை ஆராய இத்தனை ஏற்பாடு செய்த நாட்டுக்கு, மீனவன் தன்னைத் தானே ஆராய வழி செய்வது பாரமாகுமா?

சர்க்கார் செய்யட்டும் என்று கைகட்டி நிற்பதும் நம் வழக்கமல்ல. கடலோரக் கிளைத் தோழர்களே, நீங்கள் நாளையே தொடங்கக் கூடிய வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் கல்லூரி முடித்த ஒரு மாணவனை, ஒரு மாணவியைக் கண்டுபிடியுங்கள். விண்ணப்பக் கட்டணமும் பயணச் செலவும் கிளை ஏற்கட்டும். ஆங்கிலம் அறிந்த தோழர் மாலையில் ஒரு மணி நேரம் உடன் அமரட்டும். ஊர்ப் பஞ்சாயத்தின் பழைய நோட்டுகளையும் சீட்டுப் பட்டியல்களையும் கரையானுக்கு இரையாக்காமல் படிப்பகத்தில் பாதுகாத்து வையுங்கள்; நாளை அவையே சான்று. முதியவர்களிடம் பழைய முகத்துவாரம் எங்கே இருந்தது, எந்த ஆண்டில் எந்த இறால் குறைந்தது என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். அந்த முதியவர் மறைந்தால், ஒரு நூலகம் மறைந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள்.

வலை பின்னுவதும் நூலால்தான். அறிவைப் பின்னுவதும் நூலால்தான். ஒன்றை நம் பெரியோர் கை அறியும். மற்றொன்றை நம் பிள்ளைகள் கை அறிய வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் மீன் தப்பும் என்று அறிந்தவன், ஓர் உண்மை விடுபட்டால் உரிமை தப்பும் என்பதையும் அறிவான். குப்பத்திலிருந்து வரும் முதல் ஆய்வேட்டைப் பல்கலைக் கழகம் வரவேற்கட்டும். அதை முதலில் படித்துத் திருத்தம் சொல்லும் உரிமை குப்பத்துக்கே இருக்கட்டும்!